கடலறிந்து கலம் கொள்ளல்

பழந்தமிழர் நீர்மேற் செல்லும் கலங்களுக்குப் பல பெயர்களை இட்டு வழங்கினர். அம்பி, ஓடம், தோணி, திமில், வங்கம், நாவாய் என்பன அவற்றுட் சில. ஆற்றைக் கடத்தற்கு உதவியது ஒன்று. மீன் வேட்டைக்குச் சென்றது வேறொன்று. சரக்கேற்றிப் பெருங்கடலைத் தாண்டியது இன்னொன்று. நீர் வேறுபட்டமையாற் கலம் வேறுபட்டது. கலம் வேறுபட்டமையாற் பெயரும் வேறுபட்டது. இவ்வுண்மையை நூல் கற்றவர் மறந்தாற் பெரிய நட்டம் எதுவும் இல்லை. கடற்றொழில் செய்பவர் மறந்தால், அது அவருடைய கைப்பொருளையும், சிலவேளை உயிரையும் கொண்டுபோய்விடும்.

யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் ஓர் இளைஞன் இருப்பதாகக் கொள்க. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிறருடைய படகிற் பங்குக்குத் தொழில் செய்தவன். சீட்டுப் பணம் கைக்கு வந்திருக்கிறது. மனைவியின் காப்புகளும் சங்கிலியும் அடகுக்குப் போயிருக்கின்றன. இரண்டையும் சேர்த்தால் பாவித்த படகு ஒன்றை வாங்கலாம். ஒன்றைத்தான் வாங்கலாம். தவறான படகு வாய்த்துவிட்டால் அதை விற்று வேறொன்று வாங்கும் வரை வீட்டில் அடுப்பு எரிய வழியில்லை. ஆகவே அவன் செய்யும் தெரிவு சிறிய தெரிவன்று.

விலைக்கு இரண்டு படகுகள் இருக்கின்றன. ஒன்று, பாசையூரில் ஒரு முதியவருடைய மரவள்ளம். வள்ளம் என்னும் பெயர் ஒன்றாயினும் அதன் உருவம் ஊருக்கு ஊர் சிறிது மாறும். இவ்வள்ளம் 24 அடி நீளமானது, அடிப்பாகம் தட்டையாகப் பரந்தது, 9.9 குதிரைவலுக் கொண்ட வெளியிணைப்பு இயந்திரம் பூட்டியது. முதியவருடைய பிள்ளைகள் வேறு தொழில்களுக்குப் போய்விட்டனர். மற்றது, வடமராட்சிக் கரையிலிருந்து வந்த கண்ணாடியிழைப் படகு. மக்கள் வழக்கிற் பைபர் படகு என்பது இதுவே. நீளம் 18½ அடி. அடிப்பாகம் கலப்பைக் கொழுவைப்போலக் கூர்ந்து இறங்குவது. இயந்திரம் 15 குதிரைவலு.

இளைஞனுடைய மனம் முதல் நாளே இரண்டாவது படகிற் போய் விழுந்தது. அதன் பக்கங்கள் பளபளத்தன. அணியம் நிமிர்ந்து நின்றது. இயந்திரத்தை முடுக்கியவுடன் அது தண்ணீரின் மேல் எழுந்து பறந்தது. வள்ளமோ கறுத்துக் கிடந்தது. எண்ணெய் மணம் வீசியது.

வீட்டுக்கு வந்து மாமனாரிடம் இதைச் சொன்னான். அவர் கடலிலே தலை நரைத்தவர்.

“தம்பி, படகைப் பார்த்துவிட்டீர். அது ஓடப்போகிற தண்ணீரைப் பார்த்தீரோ?” என்று கேட்டார் அவர்.

“அது நான் நாளாந்தம் பார்க்கிற தண்ணீர்தானே, மாமா?”

“நாளாந்தம் பார்க்கிறதாலேதான் அதை யோசிக்கவில்லை.”

மாமனாருடைய கேள்வியே பாவித்த படகு வாங்குபவர் எவரும் முதலிற் கேட்க வேண்டிய கேள்வியாகும். படகின் வயதும் விலையும் இயந்திரத்தின் பெயரும் அதன் பின்னரே வரவேண்டியவை.

வட இலங்கையில் ஒரு நாட் பயணத் தூரத்துக்குள் முற்றிலும் வேறான இரு நீர்ப்பரப்புகள் உள்ளன. ஒன்று யாழ்ப்பாணக் கடனீரேரி. ஊரவர் இதனைப் பரவைக் கடல் என்பர். பல இடங்களில் ஆள் நின்று நடக்கக்கூடிய ஆழமே உண்டு. சேற்று நிலமும் கடற்புல்லும் நிறைந்தது. இங்கே பெரிய அலை எழுவதில்லை. காற்றடித்தாற் குறுகிய சிற்றலைகள் நெருங்கி எழும். மற்றது வடமராட்சியின் வடகரை. பருத்தித்துறை, வல்வெட்டித்துறை முதலிய ஊர்கள் நேரே கடலை நோக்கியவை. வாடைக் காற்று வீசும் மாதங்களில் அங்கே கடல் கொந்தளிக்கும். கற்பாரைக்கு அப்பாற் போனவுடன் படகு திறந்த கடலின் அலையைச் சந்திக்க வேண்டும். முன்னதில் நன்றாக உழைக்கும் படகு பின்னதிலும் நன்றாக உழைக்கும் என்று எண்ணுவது, வயலுக்கு வாங்கிய எருதைச் சவாரித் திடலுக்குக் கொண்டுபோவது போன்றது.

தட்டை அடியும் கூர் அடியும் நீரில் நடந்துகொள்ளும் முறை இதனை விளக்கும். தட்டை அடி குறைந்த நீரில் மிதக்கும். வற்று நேரத்தில் தரை தட்டினாலும் சாயாமல் இருக்கும். இருவர் ஒரே பக்கத்தில் நின்று வலையை இழுத்தாலும் எளிதிற் சரியாது. ஆனால் எதிரலையிற் போகும்போது அதன் அடி அலைமேல் அறைந்து விழும். அவ்வறைச்சல் பலகையையும் ஆளின் முதுகையும் ஒருங்கே வருத்தும். அன்றியும், தட்டை அடி ஓர் அளவு வரை உறுதியாக நின்று, அவ்வளவைக் கடந்தவுடன் திடீரெனக் கவிழும் இயல்புடையது. கூர் அடியோ அலையை வெட்டிக்கொண்டு போகும்; அறைச்சல் குறைவு; திரும்புகையில் வழுக்காது. ஆயினும் நின்ற நிலையில் இருபுறமும் ஆடும். ஆழமில்லாத நீரில் தரை தட்டிச் சாயும். பாரம் குறைந்த படகாயின், வலை இழுக்கும்போது பக்கக் காற்று அதனைத் தள்ளிக்கொண்டு போகும்.

இவற்றுள் எது சிறந்தது என்ற வினாவுக்கு விடை இல்லை. எந்த நீருக்கு எது சிறந்தது என்ற வினாவுக்கே விடை உண்டு.

இப்பாடத்தை இலங்கையின் மீன்பிடி வரலாறு இரண்டு தடவை கற்பித்திருக்கிறது. 1950களில் அரசாங்கம் இயந்திரப் படகுகளைப் பரப்பத் தொடங்கியது. 28 அடி நீளமான மூன்றரைத் தொன் படகுகள் மீனவருக்குக் கடன் முறையிற் கிடைத்தன. அவை தூரம் போயின. மிகுதியான வலைகளைச் சுமந்தன. பலருடைய வாழ்வை உயர்த்தின. ஆனால் அவற்றைக் கட்டுமரத்தைப்போல மணலில் இழுத்தேற்ற இயலாது. அவை தரிப்பதற்கு ஒதுக்கிடம் வேண்டும். துறைமுக வசதியுள்ள ஊருக்குச் செல்வமாக வந்த படகு, வெறுங்கரையுள்ள ஊருக்கு அத்தகைய செல்வமாக அமையவில்லை.

இரண்டாவது பாடம் 2004 டிசெம்பர் 26 இல் வந்த ஆழிப்பேரலையின் பின்னர்க் கிடைத்தது. அன்று நாட்டின் மீன்பிடிக் கலங்களில் முக்காற் பங்குக்கு மேற்பட்டவை அழிந்தோ சேதமுற்றோ போயின. உதவ வந்தவர்கள் விரைந்து படகு கொடுக்க விரும்பினர். கண்ணாடியிழைப் படகுகள் அச்சில் வார்க்கப்படுவன; ஆகவே விரைவிற் பெருந்தொகையாகச் செய்யலாம். நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட அவ்வுதவியில் இரு குறைகள் நேர்ந்தன. அவசரத்தில் தோன்றிய சில பட்டறைகளின் படகுகள் தரக் குறைவாயிருந்தன. தரமான படகுகளிலும் சில, கொடுக்கப்பட்ட கரைக்குப் பொருந்தவில்லை. கொடுத்தவர் குறைவைக்கவில்லை, பெற்றவரும் சோம்பியிருக்கவில்லை. நீரைக் கேளாமற் படகைத் தீர்மானித்ததே அங்கு நேர்ந்த பிழை.

இனி, இளைஞனைக் கவர்ந்த விரைவைப்பற்றி ஆராய்வோம். நீரைக் கிழித்துச் செல்லும் கலத்துக்கு அதன் நீளமே வேக எல்லையை வகுக்கிறது. நீரைத் தொடும் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆற் பெருக்கினால், மணிக்கு எத்தனை கடல்மைல் என்பது ஏறக்குறையக் கிடைக்கும். நீர்க்கோட்டு நீளம் 16 அடியாயின் 5.4 கடல்மைல், 22 அடியாயின் 6.3 கடல்மைல். இதற்கு மேற் போகவேண்டுமாயின் படகு நீரின்மேல் எழுந்து சறுக்க வேண்டும். வெறும் படகாக இருக்கையில் 15 குதிரைவலு இயந்திரம் அந்தப் பைபர் படகை அவ்வாறு எழுப்பிவிடும். நனைந்த வலை, ஐஸ், மீன், மூன்று ஆட்கள் என்று பாரம் ஏறியதும் அது எழாமற் பிற்பக்கம் தாழ்ந்து, அணியம் வானைப் பார்க்க, நீரை உழுதுகொண்டு போகும். அப்போது எரிபொருள் மட்டுமே விரையும். விற்பவர் வெறும் படகையே ஓட்டிக் காட்டுவார். வாங்குபவர் பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

எரிபொருட் கணக்கு ஏட்டுக் கணக்கன்று. ஈரடிப்பு இயந்திரம் முழு வலுவில் ஓடும்போது, ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு ஏறக்குறைய 0.4 லீற்றர் செலவாகும் என்று கொள்ளலாம். அப்படியாயின் 15 குதிரைவலு இயந்திரம் நான்கு மணி நேரத்தில் 24 லீற்றரையும், 9.9 குதிரைவலு இயந்திரம் ஏறக்குறைய 16 லீற்றரையும் குடிக்கும். 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. பழைய விலையில் அந்த எட்டு லீற்றர் வித்தியாசத்தின் பெறுமதி 696 ரூபா. புதிய விலையில் 2,720 ரூபா. அவ்விலை பின்னர் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. ஆயினும் அந்நாள்களில் இயந்திரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கரையில் இருந்தவர்கள் அந்தக் கணக்கை மறக்கமாட்டார்கள். தூரக் கடலுக்குப் போகிறவருக்கு விரைவு நேரத்தை மீதமாக்கும்; காலை ஏலத்துக்கு முந்திக்கொண்டு மீனைச் சேர்க்கும். பரவைக் கடலிலே களங்கட்டிக் கம்புகளுக்கும் பிறருடைய வலைகளுக்கும் நடுவே மெல்லப் போகவேண்டியவருக்கு அந்த விரைவால் ஆகப்போவது சிறிது.

விரைவிலும் முக்கியமான ஒன்று உண்டு. மரம் நீரில் மிதக்கும் பொருள். வள்ளம் நீர் நிறைந்து அமிழ்ந்தாலும், அதன் பலகைகள் நீர்மட்டத்தளவிலாவது நிற்க முயலும். அதைப் பற்றிக்கொண்டு ஆட்கள் உதவிக்குக் காத்திருக்கலாம். கண்ணாடியிழையும் அதனைப் பிணைக்கும் ரெசினும் சேர்ந்த பொருள் நீரிலும் பாரமானது. மிதவை அறைகள் இல்லாத பைபர் படகு நீர் நிறைந்தால், பின்னால் உள்ள இயந்திரத்தின் பாரமும் சேர்ந்து இழுக்க, அடியிற் போய்விடும். நன்றாகச் செய்த படகில் இருக்கைகளுக்குக் கீழே மிதவைப் பொருள் அடைத்து மூடியிருப்பார்கள். பாவித்த படகில் அந்த அடைப்பு வெடித்திருக்கலாம். உள்ளே இருப்பது நீரை உறிஞ்சிப் பாரமாகியிருக்கலாம். ஐஸ் வைக்க இடம் வேண்டுமென்று முன்னைய சொந்தக்காரர் அதை வெட்டி எடுத்துமிருக்கலாம். ஆகவே பைபர் படகு வாங்குபவர் இருக்கையின் கீழே கைவைத்துப் பாராமற் பணத்தில் கைவைத்தல் ஆகாது.

இளைஞனுடைய மனைவி இந்தப் பேச்சை அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “எது வேகமாகப் போகும் என்று இரண்டு நாளாய்ச் சொல்லுகிறீர்கள். எது உங்களையும் தம்பியையும் திருப்பிக் கொண்டுவரும் என்று இன்றைக்குத்தானே கதை வந்தது,” என்றாள். அவனுடைய படகில் இரண்டாவது ஆளாகப் போகவிருந்தவன் அவனுடைய தம்பி.

மறுநாள் மாமனாரும் மருமகனும் இரு படகுகளையும் சோதிக்கப் புறப்பட்டனர். அவர்கள் சோதித்த முறை எவருக்கும் பயன்படுவது.

மரவள்ளத்தில் முதலில் ஏராவைப் பார்த்தனர். அணியத்திலிருந்து பிற்பக்கம் வரை அது நேராக ஓடுகிறதா, நடுவில் முதுகு வளைந்திருக்கிறதா என்று கண்ணை வைத்து நோக்கினர். பின்னர்ச் சிறு கத்தியின் நுனியாற் பலகைகளையும் வங்குகளையும் குத்திப் பார்த்தனர். நல்ல மரம் நுனியைத் தடுக்கும். உழுத்த மரம் உள்ளே விடும். பலகைப் பொருத்துகளிற் கலப்பற்று இறுகியிருக்கிறதா என்றும், ஆணிகளைச் சுற்றித் துருக்கறை பரந்திருக்கிறதா என்றும் பார்த்தனர். மரத்தைத் துளைக்கும் கடற்புழு வெளியே ஊசித் துவாரமளவு அடையாளமே விடும். உள்ளே பலகையை அடையாக்கிவிடும். ஆதலாற் சிறு துவாரங்கள் கூட்டமாகத் தென்பட்ட இடங்களைச் சுத்தியலாற் தட்டிக் கேட்டனர். பிற்பக்கத்துக்கு அண்மையில் இரண்டு பலகைகள் மாற்றவேண்டியவை என்று தெரிந்தது. முதியவர் அதை மறைக்கவில்லை.

பைபர் படகிற் சுத்தியலுக்கு வேறு வேலை. மெல்லத் தட்டிக்கொண்டு போகும்போது ஓசை ஒரேயளவாக ஒலிக்க வேண்டும். ஓரிடத்தில் மந்தமாக ஒலித்தால் அங்கே நாரடுக்குகள் ஒன்றைவிட்டொன்று பிரிந்திருக்கின்றன என்பது பொருள். மேற்பூச்சில் நட்சத்திரம்போலப் பரவிய வெடிப்பு, அங்கு ஏதோ மோதியது என்பதற்குச் சான்று. சிறு கொப்புளங்கள் நீர் உள்ளே புகுந்ததற்கு அடையாளம். புதிய வர்ணம் பூசிய படகிலே இவற்றை இருமடங்கு கவனத்துடன் தேட வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது இயந்திரம் பூட்டும் பிற்பலகை. அதன் நடுவே பெரும்பாலும் ஒட்டுப்பலகை இருக்கும். மரையாணித் துவாரங்களால் நீர் இறங்கினால் அது வெளியே தெரியாமல் உழுத்துப்போகும். இயந்திரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது பிற்பலகை நெளிந்தால் அப்படகை விட்டுவிட வேண்டும். அந்தப் படகின் பிற்பலகை நெளியவில்லை. மணலில் இழுத்ததால் அடிக்கூர் மட்டும் தேய்ந்திருந்தது. அது திருத்தக்கூடியதே. இருக்கையின் கீழ் மிதவையும் உலர்ந்திருந்தது.

அடுத்ததாக ஆவணங்கள். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின்கீழ் மீன்பிடிப் படகுகள் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவுப் புத்தகத்திலுள்ள பெயர் விற்பவருடைய பெயரா, படகில் எழுதிய இலக்கம் அதனோடு பொருந்துகிறதா, இயந்திரத்தின் இலக்கம் பற்றுச்சீட்டிலுள்ள இலக்கந்தானா, படகின்மேற் கடன் எதுவும் நிலுவையில் உள்ளதா என்பவற்றைப் பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டும். கடற்றொழிற் பரிசோதகரிடம் ஒரு நடை போய்வருவது, பின்னர் நீதிமன்றத்துக்குப் பல நடை போவதிலும் நன்று.

இரு படகுகளும் சோதனையில் தேறின. உடைந்த படகையும் நல்ல படகையும் வைத்துத் தெரிவு செய்வது எவர்க்கும் எளிது. இரண்டும் நல்லவையாக இருக்கும்போதுதான் மாமனாருடைய முதற் கேள்வி மீண்டும் வந்து நின்றது.

இளைஞன் விரல்விட்டு எண்ணினான். ஆண்டிலே எட்டு, ஒன்பது மாதம் அவனுக்குத் தொழில் பரவைக் கடலில். நண்டு வலையும் இறால் வலையும் அவனுடைய கைக்குப் பழகியவை. அலையற்ற மாதங்களில் மட்டும் மேற்கே தீவுகளின் பக்கம் போவான். தரிக்கும் இடமோ இடுப்பளவு நீர். ஆட்கள் இருவர். நெடுங்கடல் ஆசை அவனுக்கு உண்டு. ஆனால் ஆசையின் கடலுக்குப் படகு வாங்கினால், பிழைப்பின் கடலில் அது நாள்தோறும் தரை தட்டும்.

வள்ளத்துக்கும் குறைகள் உண்டு. ஆண்டுதோறும் அதைக் கரையேற்றி, கலப்பற்று அடைத்து, எண்ணெய் பூச வேண்டும். அந்நாள்களில் வருமானம் இல்லை. மரக்கலம் கட்டும் தச்சர் தொகையும் குறைந்துவிட்டது. வல்வெட்டித்துறையிலே கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறை வரை போய்ச் சேர்ந்தது. அத்தகைய கைவேலை செழித்த கரையில் இன்று இரண்டு பலகை மாற்றுவதற்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது. பைபர் படகுக்கு இத்தொல்லை குறைவு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. வடமராட்சிக் கரையில் வாழும் ஒருவர் இவ்விரண்டையும் ஒப்பிட்டிருந்தால், அவர் தயங்காமல் அந்தக் கூர் அடிப் படகையே கொள்ள வேண்டும். அவருடைய நீருக்கு அதுவே படகு.

இளைஞன் வள்ளத்தைக் கேட்டான். இரண்டு பலகைகளின் செலவை முதியவர் விலையிற் குறைத்துக்கொண்டார். அந்த மீதியில் இரண்டு உயிர்காப்பு அங்கிகளை வாங்கச் சொன்னார் மாமனார். அதன்பிறகே பலகை வாங்கப் போனார்கள். தச்சர் வந்து பலகை மாற்றிய நாளில் முதியவரும் பாசையூரிலிருந்து வந்தார். கலப்பற்று உளியைக் கையில் எடுத்தார்.

“தம்பி, இங்காலே வாரும். இதை ஒருமுறை பார்த்துப் பழகினால் ஆண்டுதோறும் ஆளைத் தேடி அலையத் தேவையில்லை. என்னுடைய பிள்ளைகள் பழகவில்லை,” என்றார்.

அன்று மாலை வரை அவன் பஞ்சுத் திரியைப் பொருத்துகளில் வைத்து அடித்துக்கொண்டிருந்தான். பிழையாக அடித்த இடங்களை முதியவர் பேசாமற் பிடுங்கி எடுத்தார்; அவன் மீண்டும் அடித்தான். அடுத்த கிழமை வள்ளம் நீரில் இறங்கியது. பைபர் படகும் நெடுநாள் காத்திருக்கவில்லை. வல்வெட்டித்துறைப் பக்கத்து மீனவர் ஒருவர் அதனைக் கொண்டுபோனார்.

கடற்கரையில் நிற்கும் படகு எதுவும் தன்னளவில் நல்லதுமன்று, கெட்டதுமன்று. அது ஒரு நீருக்கென்று ஒருவர் செய்த கருவி. பாவித்த படகு வாங்குபவர் முன்னவருடைய உழைப்பையும் தேய்வையும் மாத்திரமன்றி, முன்னவருடைய கடலையும் சேர்த்தே வாங்குகிறார். அந்தக் கடல் தம்முடைய கடலாகவும் இருக்கிறதா என்று கேட்டறிந்த பின்னர், கத்தியும் சுத்தியலும் எடுத்துச் சோதித்து, பாரம் ஏற்றி ஓட்டிப் பார்த்து, பதிவைப் படித்துப் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுப்பாராயின், அடகுக்குப் போன நகை ஒரு நாள் வீடு திரும்பும். கடலுக்குப் போனவரும் நாள்தோறும் வீடு திரும்புவார்.